சாலமனின் குடலும் என் தம்பியின் சீரும்

என் வீட்டுக்காரர் சாலமன் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தேடுவது அந்த வீட்டுக் கழிவறை எந்தப் பக்கம் என்பதைத்தான். ஏசி மெக்கானிக். மேடவாக்கம், சேலையூர், முடிச்சூர் என்று ஒரு நாளைக்கு ஐந்தாறு வீடு ஏறி இறங்குகிற ஆள். வீட்டுக்காரர்கள் "ஏசி பெட்ரூம்ல" என்று கையைக் காட்டுவார்கள். இவர் கண் எதிர்ப்பக்கம் போகும். தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரைக்கும் எந்தப் பெட்ரோல் பங்கில் கழிவறை திறந்திருக்கும், எந்த ஓட்டலில் சாப்பிடாவிட்டாலும் உள்ளே விடுவார்கள், எந்த மண்டபத்துக் காவலாளி முகம் சுளிக்காமல் சாவி தருவார், எல்லாம் அத்துப்படி. எங்கள் மகள் ரேஷ்மாவின் பிறந்த நாளைக் கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசிப்பார்.

நான் ஜோசலின். கேம்ப் ரோட்டில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும், வந்த வேகத்தில் போய்விடும். வீட்டில் மற்றவர்கள் இதில் முதல் பாதியை மட்டும்தான் ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் இந்த மனிதரோடு பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குக் கோபம் வராவிட்டால்தான் ஆச்சரியம். ஏழு வருஷத்துக்கு முன்னால் மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்தபோது இவர் என்னிடம் சொல்லவில்லை. 'மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்று சுவரில் எழுதியிருக்குமே, அப்படி ஒரு இடத்துக்கு யாருக்கும் தெரியாமல் போய், இரண்டு வருஷம் களிம்பு தடவிக்கொண்டு வந்திருக்கிறார். ஆள் பன்னிரண்டு கிலோ இளைத்து, ஒருநாள் ஏணியிலேயே மயங்கி உட்கார்ந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

கேமராக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். மூலமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பெருங்குடலின் உள்பக்கம் முழுக்கப் புண். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்றார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே குடலைப் பகையாளி என்று நினைத்துப் போட்டுத் தாக்குகிறதாம். மாத்திரை, எனிமா, பிறகு ஸ்டீராய்டு. ஸ்டீராய்டில் முகம் உப்பியது. பார்த்தவர்கள் எல்லாம், "இன்னா சாலமன், கன்னம் வெச்சி ஷோக்கா ஆயிட்ட" என்றார்கள். நோயைப் பற்றி வெளியே மூச்சுவிடக் கூடாது என்று இவர் சொல்லியிருந்தார், அவர்களை என்ன செய்வது? சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

உட்கார்ந்தால் எழுந்துவிடுவார். எழுந்தால் நடப்பார். கோயிலில் கடைசி பெஞ்சு, அதிலும் வாசல் ஓரம். பூசை நடுவில் எழுந்து போவார், வருவார், மறுபடி போவார். காலையில் வேலைக்குக் கிளம்புவதற்குள் ஆறு ஏழு தடவை. அப்படியும் கிளம்பி, வண்டியை உதைத்து, தெருமுனை வரைக்கும் போய், திரும்பி வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே ஓடுவார். ஒரு வேலை முடிகிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் தொடமாட்டார். பக்கத்தில் இருக்கிற எனக்கும் அந்தப் பதைப்பு தொற்றிக்கொண்டது. யாராவது கதவைச் சாத்தினால்கூட இவர்தானோ என்று எட்டிப் பார்ப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் ரேஷ்மா பெரியவளானாள். முடிச்சூரில் ஒரு சின்ன மண்டபம் பிடித்துச் சடங்கு வைத்தோம். எனக்கு ஒரே தம்பி, ஜெரோம். மேடவாக்கத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிறான். தாய்மாமன் சீர் கொண்டுவந்து மண்டப வாசலில் நின்றால், பெண்ணின் அப்பாவும் அம்மாவும் எதிரே போய்ப் பன்னீர் தெளித்து, முதல் தட்டை அப்பா கையால் வாங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சீர் உள்ளே வரும். எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஜெரோம் இருபத்தொரு தட்டோடு வந்தான். மேளம், வெடி, சொந்தக்காரப் பெண்கள் வெயிலில் வரிசையாகத் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறார்கள். அப்பாவைக் காணோம்.

எங்கே இருந்தார் என்று எனக்குத் தெரியும். மண்டபத்தில் இருந்ததோ ஒரே ஒரு கழிவறை. நான் சமாளித்தேன், ஃபோனில் பேசுகிறார், பூக்காரரைப் பார்க்கப் போயிருக்கிறார் என்று. கால் மணி நேரம் ஆயிற்று. மேளக்காரர்களே அலுத்துப்போய் நிறுத்திவிட்டார்கள். ஜெரோமுக்கு என் கோபம்தான், ஆனால் என்னிடம் இருக்கிற கொஞ்ச நிதானமும் கிடையாது. விடுவிடு என்று உள்ளே போய்க் கழிவறைக் கதவை உள்ளங்கையால் அடித்தான்.

"யோவ் மாமா, உள்ள குடித்தனமா பண்ற? சீரு வாசல்ல காயுது. முக்கினது போதும், எழுந்து வாய்யா."

மேளம் நின்றிருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள்.

சாலமன் வெளியே வந்தார். முகமெல்லாம் வேர்வை. வேட்டியைச் சரி செய்துகொண்டார். சத்தமே போடவில்லை. "உன் சீரு எனக்கு வேணாம். எட்த்துகினு போ" என்றார். நான் கெஞ்சினேன், அம்மா அழுதாள். ஜெரோம் இருபத்தொரு தட்டையும் வேனில் திரும்ப ஏற்றிக்கொண்டு போனான். அன்றைக்கு அறுந்த பேச்சுதான். இரண்டு வருஷம் மாமனும் மச்சானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. யார் மேல் தப்பு என்று கேட்டால் இருவர் மேலும்தான் என்று சொல்வேன். ராத்திரி படுத்தால் மட்டும் என் தம்பி மேல்தான் கோபம் வரும்.

போன வருஷம் மாத்திரைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. டாக்டர் கேஷவ் எங்களை உட்கார வைத்துப் பேசினார். நல்ல மனுஷர், அவசரப்பட மாட்டார்.

"சார், இப்படியே போனா பெருங்குடலை எடுத்துடறதுதான் சேஃப். மலம் சேர வயித்துல வெளிப்பக்கமா ஒரு பை வெப்போம். நிறையப் பேர் அதோட நல்லாவே வாழறாங்க, வேலைக்குப் போறாங்க."

சாலமன் இடுப்பில் கையை வைத்துக் காட்டினார். "இங்கயா டாக்டர்?"

"ஆமா, கிட்டத்தட்ட அங்கதான்."

"இங்கதான் டாக்டர் என் சேஃப்டி பெல்ட் வரும். ஒன்பதாவது மாடியில வெளிப்பக்கம் தொங்கிகினு வேலை செய்யற ஆளு நானு."

இருபத்தைந்து வருஷமாகக் கற்ற ஒரே வேலை. டாக்டர், அதே மருத்துவமனையில் ஒரு ஆய்வு நடக்கிறது, விருப்பம் இருந்தால் சேரலாம் என்றார். நம் குடலுக்குள் கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. இந்த நோயாளிகளுக்கு அதில் சில நல்ல வகைகள் குறைந்துபோயிருக்கின்றன. அது குறைந்ததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் குறைந்ததா என்பது இன்னும் சரியாகத் தெரியவில்லை. ஆரோக்கியமான ஒருவரின் மலத்தை உப்புநீரில் கரைத்து வடிகட்டி, குழாய் வழியாக நோயாளியின் குடலுக்குள் விட்டால் சிலருக்குக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை. யாருக்கு யாருடையது ஒட்டுகிறது என்பதைத்தான் பார்க்கிறார்களாம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் ஏழு தடவை, ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே ஆளிடமிருந்து.

"அடுத்தவன் பீயவா டாக்டர்?" என்றார் சாலமன்.

"ஆமா சார்" என்றார் டாக்டர், முகம் மாறாமல்.

கொடுப்பவர் குடும்பத்து ஆளாகவும் இருக்கலாம். ஆனால் சோதனை கடுமை. நான் போன மாதம்தான் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் முழுங்கியிருந்தேன், தள்ளிவிட்டார்கள். அவருடைய அண்ணனுக்குச் சர்க்கரை. இன்னொரு பங்காளிக்குக் குடிப்பழக்கம். மிச்சம் இருந்தது, கல்லைக் கொடுத்தாலும் செரிக்கிற வயிறோடு, ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமல் முப்பத்தைந்து வயதை எட்டியிருந்த ஒரே ஆள். அது யார் என்று சொல்ல வேண்டாம்.

நான்தான் போனேன். ஜெரோம் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தான். எதைச் சொல்லி எப்படி ஆரம்பிப்பது? சிறுநீரகம் கேட்டுப் போகிற அக்காக்கள் இருக்கிறார்கள், ரத்தம் கேட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு வாய்த்தது இது. மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் குழாயை மூடிவிட்டுக் கேட்டான். முதலில் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அப்ப அன்னிக்கி உள்ள ரத்தமா போய்கினு இருந்துச்சா?"

"ஆமாண்டா."

"நீ ஏன்க்கா சொல்லல?"

"நீ கேட்டியா? கதவைத்தானே தட்டின."

அவன் ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். "அந்த மனுசன் என் சீர வாணான்னுட்டாரு. இத்த வாங்குவாரா?" என்றான்.

வாங்க ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: பேசமாட்டார். அப்படியே ஆரம்பித்தது. மருத்துவமனையில் கொடுப்பவருக்கென்று கழிவறையோடு ஒரு அறை இருந்தது. கொடுத்த கொஞ்ச நேரத்துக்குள் கலந்து ஏற்றிவிட வேண்டும் என்பதால் அங்கேயே இருக்க வேண்டும். முதல் நாள் சாலமன் பேதி மருந்து குடித்துக் குடலைக் காலி செய்துகொண்டு, பச்சை அங்கியோடு கட்டிலில் காத்திருக்கிறார். ஆய்வு நர்ஸ் கிறிஸ்டினா கையில் கடிகாரம். ஜெரோம் வெள்ளை டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போனான், பத்து நிமிஷத்தில் வெறும் டப்பாவோடு வந்தான்.

"வர்ல அக்கா. எல்லாரும் வெளிய நின்னுகினு இருந்தா எப்டி வரும்?"

தாழ்வாரத்தில் மேலும் கீழும் நடந்தான். உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி நடந்தான். இத்தனை வருஷமாக இன்னொருவரிடம் நான் பார்த்த அதே நடை. ஒருவருக்கு நிற்கவில்லை, இன்னொருவனுக்கு வரவில்லை. நடுவில் நான் மாட்டிக்கொண்டேன். சாலமன் உள்ளே இருந்து என்னைக் கூப்பிட்டார். "அவன சுடுதண்ணி ரெண்டு கிளாஸ் குடிச்சிட்டு மூணு மாடி ஏறி இறங்கச் சொல்லு." நான் போய்ச் சொன்னேன், அவன் ஏறி இறங்கினான். "மாமாகிட்ட சொல்லு, மூணு மாடியும் ஏறிட்டன்னு." அதையும் போய்ச் சொன்னேன். இரண்டு பேரும் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார்கள். என்னத்தைச் சொல்ல, ஒன்பதே முக்காலுக்கு டப்பா நிறைந்தது.

மூன்று தடவை முடிந்தபோது, நான் வாய்விட்டுச் சொல்லப் பயந்த ஒன்று நடந்தது. காலையில் ஆறு தடவை மூன்றானது. ரத்தம் நின்றது. ஒரு திங்கட்கிழமை சாலமன் இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார். தெருமுனையிலிருந்து திரும்பி வரும் வண்டிச் சத்தத்துக்காகக் காத்து நின்றேன். வரவில்லை. வாசலிலேயே நின்று அழுதேன். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது, அதற்கும் திட்டு வாங்கினேன்.

நாலாவது தடவை. அதேபோல் ஒரு காலை. ஒவ்வொரு தடவையும் கேட்கிற கேள்விகளைக் கிறிஸ்டினா கேட்டாள். காய்ச்சல்? இல்லை. வயிற்றுப்போக்கு? இல்லை. ஆன்டிபயாடிக் ஏதாவது? இல்லை. ஜெரோம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, என்னோடு உட்கார்ந்து டீ குடித்தான். வாயின் இடது பக்கமாகவே உறிஞ்சினான்.

"என்னடா, பல்லு வலியா?"

"இப்ப இல்லக்கா. ஞாயித்துக்கெழம செம வலி. மெடிக்கல்ல ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுத்தாரு, நின்னுபோச்சு."

எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். மருந்துக் கடையில் போய் நோவைச் சொன்னால், அட்டையிலிருந்து கத்தரித்து வெள்ளை ஒன்று, கலர் ஒன்று, சின்னக் காகித உறையில் போட்டுத் தருவார்கள். பெயர் கேட்பதில்லை. அதை மருந்து என்றே யாரும் நினைப்பதில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் மருந்து. இது வெறும் 'ரெண்டு வேளைக்கு'. ஆய்வில் என்னைத் தள்ளிவிட வைத்த மாத்திரையும் அப்படி வந்ததுதான், மிச்சத்தைக் காட்டியபோதுதான் ஆன்டிபயாடிக் என்று எனக்கே தெரிந்தது. கிறிஸ்டினா ஆன்டிபயாடிக் என்று கேட்டால், அவன் மனசறிந்து இல்லை என்றுதான் சொல்வான்.

"கலர் மாத்திரை இருந்துச்சா?"

"சேப்பும் கறுப்புமா ஒரு குப்பி மாத்திரை." என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது அவனுக்கு. டீ கிளாஸைக் கீழே வைத்தான். "அக்கா, சொல்லாத. சொன்னா நிறுத்திருவாங்க. நிறுத்துனா மாமாவுக்குக் குடல எடுத்துருவாங்க."

ஊரில் எல்லோருக்கும் நியாயம் சொல்கிறவள் நான். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டே மாத்திரைதானே என்று நினைத்தேன். குப்பிக்குள் இருந்தது வேறு எதுவாகவும் இருக்கலாமே என்று நினைத்தேன். நல்ல கிருமியெல்லாம் செத்த மலத்தை அந்த மனுஷனுக்குள் ஏற்றினால் என்ன ஆகும் என்றும் நினைத்தேன், நினைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நிமிஷம் போனது. இதை நான் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

எழுந்தது ஜெரோம்தான். என்னைத் தாண்டி நேராக உள்ளே போய்க் கட்டில் எதிரில் நின்றான்.

"மாமா, நான் மாத்திரை போட்டுட்டேன்."

இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு. பச்சை அங்கியில் படுத்திருந்த சாலமன் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"எதுக்கு?"

"பல்லு வலி."

"இப்ப எப்டி கீது?"

"பரவால்ல மாமா."

"உக்காரு."

கிறிஸ்டினா மருந்துக் கடைக்கு ஃபோன் போட்டாள். குப்பி ஆன்டிபயாடிக்தான். அன்றைய ஏற்பாடு ரத்து. டாக்டர் கேஷவ் வந்து விளக்கினார்: கொடுப்பவர் மூன்று மாதம் எந்த ஆன்டிபயாடிக்கும் எடுக்காமல் இருந்து, மறுபடி சோதனையில் தேறினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதற்குள் சாலமனுக்கு நோய் கிளம்பினால் ஆய்விலிருந்து விலக்கிவிட்டு அறுவை சிகிச்சைதான். மருத்துவமனை வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் நான் ஜெரோமைத் திட்டிக்கொண்டே போனேன். பாதித் திட்டு எனக்கானது.

அடுத்த மூன்று மாதம் இருக்கிறதே. சாலமன் ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு ஜெரோமுக்கு ஃபோன் போட்டார். வணக்கம் இல்லை, சௌக்கியமா இல்லை.

"போனியா?"

"போனேன் மாமா."

"எப்டி?"

"நல்லா கீது."

வைத்துவிடுவார். பிறகு தன் குடலைக் கவனிப்பார். ரேஷ்மா காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்தாள். நாற்பதாம் நாள் வாக்கில் காலை மூன்று தடவை ஐந்தானது. ஒருநாள் லேசாக ரத்தம். டாக்டர் மருந்தைக் கூட்டினார், இன்னும் விலக்கும் அளவுக்கு இல்லை என்றார். சாலமன் கோயிலில் மறுபடி வாசலோர பெஞ்சுக்குப் போனார். நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, "எப்படி இருக்கு, எப்படி இருக்கு" என்று நச்சரித்தேன். "கேட்டுக்கினே இருந்தா அதுவே கலக்குதுடி" என்றார். அதற்கும் சண்டை போட்டேன்.

ஐம்பத்தெட்டாம் நாள் காலை ஜெரோம் ஃபோனில் பேசியது சாலமனுக்குப் புரியவில்லை. வாய்க்குள் எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்ததாம். நான் பயந்துபோய் ஆட்டோ பிடித்து ஓடினேன். கன்னத்தில் பஞ்சைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தப் பல் திரும்ப வலித்திருக்கிறது. பல் டாக்டர், ஐந்து நாள் ஆன்டிபயாடிக் போட்டு வேர் சிகிச்சை செய்தால் பல்லைக் காப்பாற்றலாம், இல்லாவிட்டால் பிடுங்கிவிடலாம், இரண்டும் உன் இஷ்டம் என்று சொல்லியிருக்கிறார். நேற்றே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டான். முன்பக்கத்திலிருந்து மூன்றாவது பல்.

"லூசாடா நீ?"

"ஒரு பல்லுதானேக்கா" என்றான் பஞ்சுக்குள்ளிருந்து. "முப்பத்தொண்ணு கீதுல்ல." கிறிஸ்டினாவிடம் சொன்னபோது அவள் ஃபோனிலேயே கத்தினாள், உடம்புக்கு அவசியம் என்றால் மருந்து போட்டே ஆக வேண்டும், ஆய்வுக்காக யாரும் உடம்பைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று. அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஜெரோம், "சரி மேடம், சரி மேடம்" என்றான். பல் போனது போனதுதான்.

தொண்ணூற்று மூன்றாம் நாள் சோதனையில் ஜெரோம் தேறினான். சாலமனின் குடல் தாக்குப்பிடித்திருந்தது, அவ்வளவுதான். நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது. மூன்று மாதத்தில் இருவரும் ஃபோனில் மட்டும்தான் பேசியிருந்தார்கள். அன்றைக்குக் காலை தாழ்வாரத்தில் நேருக்கு நேர் வந்தபோது ஜெரோம் வெட்கப்பட்டுச் சிரித்தான். ஓட்டை தெரிந்தது. பல்லைப் பற்றி அவரிடம் சொல்லவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான், நானும் ஃபோன் கோளாறு என்று சமாளித்திருந்தேன். சிரித்து அவனே காட்டிக்கொடுத்தான்.

"எங்கடா பல்லு?"

"வுழுந்துட்ச்சி மாமா."

சாலமன் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் ஒருவேளை கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். ஒரு ஃபோன் அழைப்பு மட்டும் ஏன் புரியாமல் போனது என்று.

ஜெரோம் டப்பாவோடு உள்ளே போனான். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். கிறிஸ்டினா கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னொரு நோயாளிக்கும் அதே குழாய் வேண்டும், ஒன்பதரைக்குள் ஆரம்பிக்காவிட்டால் நாளைக்குத் தள்ளிப்போகும் என்றாள். நாளைக்கு என்றால் மறுபடி பேதி மருந்து, மறுபடி இந்தக் காத்திருப்பு. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய்க் கதவைத் தட்டக் கையை ஓங்கிவிட்டேன்.

அந்தக் கையைச் சாலமன் பிடித்தார். பச்சை அங்கியோடு, செருப்பில்லாமல், கட்டிலிலிருந்து இறங்கி வந்திருந்தார். என்னைப் பக்கத்தில் ஒதுக்கிவிட்டுக் கதவோரமாகப் போய் நின்றார்.

"ஜெரோம்."

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. "மாமா, இன்னும் வர்ல மாமா. டைமாவுதா?"

"டைம் கீதுடா. யாரும் தட்ட மாட்டாங்க, நான் இங்கதான் நிக்கிறேன்." அங்கியைச் சரி செய்துகொண்டார். "நீ மெதுவா வா. இந்த வாட்டி சீர நானே வாசல்ல நின்னு வாங்கிக்கிறேன்."